மார்ட்டின் பால்சமைத் தேடிப் பார்ப்பது எப்படி? ஒரு குணச்சித்திர நடிகரின் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறைக் கொலை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, ஒரு ஹார்டுவேர் கடைக்குள் தொப்பி போட்ட ஒருவர் நுழைவார். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருவார். முகம் திரையை நிறைக்கும் வரை நிற்க மாட்டார். அதுவரை நாம் பார்த்திராத ஆள். கதாநாயகி செத்துப்போய்விட்டாள், இனி யாரை நம்பிப் படத்தைப் பார்ப்பது என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அடுத்த இருபது நிமிடத்துக்குப் படத்தைத் தோளில் சுமப்பவர் அவர்தான். பெயர் மார்ட்டின் பால்சம்.

1919 நவம்பர் 4 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். 1996 பிப்ரவரி 13 அன்று ரோமில் காலமானார். இடையில் ஒரு ஆஸ்கர், மேடை நாடகத்துக்கான டோனி விருது ஒன்று, லூமெட், ஹிட்ச்காக், ஃப்ராங்கன்ஹைமர், நிக்கல்ஸ், பென் என்று அமெரிக்க சினிமாவின் பெரிய இயக்குநர்கள் பலருடன் வேலை. இருந்தும் அவர் பெயருக்காக டிக்கெட் வாங்கியவர்கள் குறைவுதான்.

கதாநாயகனின் சினிமா வாழ்க்கையைத் தொடர்வது சுலபம். ஓடிய படம், ஓடாத படம் என்று வரிசை பிடித்துவிடலாம். குணச்சித்திர நடிகர் அப்படி இல்லை. அவர் மற்றவர்களின் கதைக்குள் பத்து நிமிடம் வந்து போகிறவர். படப் பட்டியலை எடுத்து வருட வரிசையில் பார்க்க நானும் ஒருமுறை முயன்றேன். ஐந்தாவது படத்திலேயே விட்டுவிட்டேன். எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பல வருடம் கழித்து வேறு ஒரு வரிசையில் பார்த்தபோதுதான் அவர் யார் என்று பிடிபட்டது. கீழே இருப்பது அந்த வரிசை. நடுவே சில கதைத் திருப்பங்களைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. 'சைக்கோ'வை இன்னும் பார்க்காதவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

படி 1: பார்க்கும் விதத்தை மாற்றுங்கள்

ஒவ்வொரு படத்தையும் முதல் தடவை வழக்கம்போலக் கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை பால்சம் வரும் காட்சிகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது அவர் பேசும் நேரத்தைவிட, மற்றவர்கள் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்பதில் கண் வையுங்கள். அவருடைய பலமே கேட்பதில்தான் இருக்கிறது. எதிராளி பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டுவது, எரிச்சலை விழுங்குவது, அவமானப்பட்டதை மறைக்கச் சிரிப்பது — இதையெல்லாம் அவரைப் போலச் செய்தவர்கள் மிகக் குறைவு என்பது என் தீர்மானமான கருத்து.

கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எதிரே உட்கார்ந்திருப்பது யார், இந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறான். முதல் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது ஆறாம் படியில் தெரியும்.

படி 2: பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

யூதக் குடும்பம். பள்ளியிலேயே நாடக ஆர்வம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தின் விமானப் பிரிவில் சேவை. ஜெர்மனியிலிருந்து வந்த நாடக மேதை எர்வின் பிஸ்கட்டார் நியூயார்க்கில் நடத்திவந்த பட்டறையில் பயிற்சி. அப்புறம், 1947-ல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக்கூடம். மார்லன் பிராண்டோவின் பெயரோடு நாம் சேர்த்துப் பேசும் அதே இடம்தான். அங்கே எல்லோரும் பிராண்டோ ஆகவில்லை. பால்சம் போன்றவர்கள் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு நேரடி ஒளிபரப்புத் தொலைக்காட்சி நாடகங்களுக்குப் போனார்கள். ரீடேக் கிடையாது, வசனம் மறந்தால் வீடு வீடாகத் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஊறியவர்களின் நடிப்பில் ஒரு விழிப்பு இருக்கும். பால்சமிடம் அது கடைசி வரை இருந்தது.

1954-ல் எலியா கஸான் இயக்கிய 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' படத்தில் குற்றவியல் விசாரணைக் குழுவின் இரண்டு அதிகாரிகளில் ஒருவராக வருவார். டைட்டிலில் பெயர்கூட இல்லை. பேசுவதெல்லாம் பெரும்பாலும் கூட வருகிறவர்தான். இந்தப் படத்துக்கு இரண்டாம் தடவை வேண்டாம். அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று பார்த்துக்கொண்டு நகருங்கள்.

படி 3: மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தவர்

இங்கே நிதானமாக இருங்கள். சிட்னி லூமெட் இயக்கிய 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்', 1957, 96 நிமிடம், ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறை. கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லவேண்டிய பன்னிரண்டு ஜூரிகள். குற்றவாளி என்று சொல்ல ஹென்றி ஃபோண்டா ஒருவர் மட்டும் மறுத்து நிற்க, மற்ற பதினொரு பேரும் ஒவ்வொருவராக மாறுவது கதை. பால்சம் முதலாம் ஜூரி, ஜூரிகளின் தலைவர். ஒரு பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து துணைப் பயிற்சியாளர்.

எழுத்தில் பார்த்தால் இது மிக மெலிந்த பாத்திரம். மற்றவர்களுக்கெல்லாம் கோபம் இருக்கிறது, காயம் இருக்கிறது, பெரிய பேச்சு இருக்கிறது. தலைவருக்கு இருப்பது நடைமுறை: யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது ஓட்டெடுப்பு, சீட்டை யார் வாங்குவது. இந்த வேலைகளிலிருந்தே அவர் ஒரு முழு மனிதரை உருவாக்குகிறார்.

ரகசிய ஓட்டெடுப்புக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோண்டா விலகி ஜன்னலருகே நிற்பார். பால்சம் மடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். 'குற்றவாளி, குற்றவாளி' என்று ஒரே தாளத்தில் போகும் குரல், ஒரு சீட்டில் மட்டும் தடுக்கும். ஆச்சரியத்தைப் பெரிதாகக் காட்ட மாட்டார். வேலை சரியாக நடக்க வேண்டுமே என்று நினைக்கும் ஒரு பொறுப்பாளர், கணக்கு உதைக்கும்போது எப்படி நிற்பாரோ அப்படி நிற்பார். அவ்வளவுதான்.

இன்னொரு இடம். பத்தாம் ஜூரி அவர் கூட்டத்தை நடத்தும் விதத்தைக் குறை சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்ளாதே என்பார். உடனே பால்சம் எழுந்து, 'அப்படியானால் நீயே வந்து இங்கே உட்கார்' என்கிற தொனியில் நாற்காலியைக் கொடுப்பார். நல்ல மனிதன், கெட்டிக்காரன் இல்லை, அதிகாரம் கேட்டு வாங்கியதும் இல்லை. கொடுத்த வேலையைக் கேலி செய்தால் மட்டும் தாங்க முடியாது. சங்கக் கூட்டம், குடியிருப்போர் கூட்டம் எதிலாவது செயலாளராக இருந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

பிறகு மழை பிடித்துக்கொள்ளும். ஜன்னலோரம் நின்று, இதேபோல ஒரு மழையில் நின்றுபோன பள்ளி ஆட்டத்தைப் பற்றி ஃபோண்டாவிடம் சொல்லுவார். அழுகையே வந்துவிட்டது என்பார். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த அரை நிமிடம் இல்லாவிட்டால், பிற்பாடு கை தூக்கும் ஓட்டெடுப்பில் அவரும் சேர்ந்து எண்ணிக்கை 9-க்கு 3 என்று ஆகும்போது நமக்கு எதுவும் தோன்றாது.

படி 4: 'சைக்கோ' — அர்பொகாஸ்ட்டின் இருபது நிமிடம்

தனியார் துப்பறிவாளர் மில்டன் அர்பொகாஸ்ட். 1960. இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள்.

விடுதி அலுவலகக் காட்சியை மூன்று முறை பாருங்கள். விடுதியை நடத்துபவராக வரும் ஆண்டனி பெர்கின்ஸ் வாயில் மிட்டாயை மென்றுகொண்டிருப்பார். பால்சம் ஒரு வியாபாரியைப் போல இளித்துக்கொண்டு, களைத்துப்போன ஆள் போல ஆரம்பிப்பார். கேள்விகள் எல்லாம் சாதாரணம். இரண்டு வாரமாக யாரும் வரவில்லை என்று பெர்கின்ஸ் சொல்லிவிட்டு, சிறிது நேரத்தில் போன வாரம் ஒரு தம்பதி வந்ததாக உளறிவிடுவார். அந்த இடத்தில் பால்சமின் முகத்தைப் பாருங்கள். 'மாட்டினாயா' என்ற பார்வை இல்லை. இன்னும் கொஞ்சம் அன்பாகிவிடுவார். பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டே, பெர்கின்ஸ் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடுத்த கேள்வியைச் செருகுவார். இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். இன்றைக்கு இது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அந்தக் காலத்துப் படங்களில் ஒருவர் முடித்த பிறகே இன்னொருவர் பேசுவது வழக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதல் முறை பெர்கின்ஸை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை பால்சமை மட்டும். மூன்றாம் முறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். கேள்விகளின் வேகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று அப்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

அடுத்தது மாடிப்படி. பெர்கின்ஸ் வசிக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் அர்பொகாஸ்ட் தொப்பியைக் கழற்றுவார். ஆளில்லாத வீடு போலிருக்கிறது, தான் வந்ததோ அனுமதியில்லாமல். ஆனாலும் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்குள் போகிறோம் என்ற மரியாதை. அந்தத் தொப்பியைக் கையில் பிடித்தபடியே மேலே ஏறுவார். அவரை நமக்குப் பிடித்துப்போவதற்கு இந்த ஒரு செய்கை போதும்.

இந்த ஏற்றத்தைப் படமாக்கிய கதையை ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா ட்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. வடிவமைப்பாளர் சால் பாஸ் வரைந்த ஓவியங்களை வைத்து மற்றவர்கள் எடுத்தார்கள். கைப்பிடியில் நகரும் கை, படியில் ஏறும் கால் என்று துண்டு துண்டாக. பார்த்ததும் ஹிட்ச்காக் வேண்டாம் என்றுவிட்டார். அப்படி வெட்டிக் காட்டினால் ஏறுகிறவரே ஏதோ தீங்கு செய்யப் போவதுபோல் தெரிகிறது. ஒன்றும் அறியாத மனிதன் சாதாரணமாகப் படியேறுவதாக இருக்க வேண்டும் என்பது அவர் காரணம். ஆகவே பால்சம் வெறுமனே ஏறுகிறார். மேலே தாக்கப்பட்டு அவர் படியில் விழும் ஷாட்டுக்கு முதலில் காலியான படிக்கட்டை மட்டும் கேமரா இறங்கிவரப் படமாக்கி, அதைப் பின்னணித் திரையில் ஓட்டி, அதற்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட பால்சம், தடுமாறுகிறவர்போலக் கைகளை வீசினார். காலே அசையாமல் உட்கார்ந்துகொண்டு விழுவதை நடிக்க வேண்டும். அந்த ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

படி 5: மூன்று ஏஜென்ட்டுகள்

இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஆறே வருடத்தில் மூன்று முறை அவர் ஏஜென்ட்டாக, அதாவது கலைஞர்களுக்கு வாய்ப்புப் பேசித் தருபவராக, நடித்திருக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு நடிகர் வளர்வது கண்ணெதிரே தெரிகிறது.

முதலாவது, 1959 அக்டோபரில் ஒளிபரப்பான 'ட்வைலைட் ஸோன்' தொடரின் 'தி சிக்ஸ்டீன் மில்லிமீட்டர் ஷ்ரைன்'. பழைய படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடக்கும் நடிகையாக ஐடா லுபினோ. அவரை வெளியே இழுத்துவரப் பாடுபடும் ஏஜென்ட் பால்சம். உள்ளே கவலை, வெளியே தைரியம். இரண்டாவது, 1961-ன் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்'. ஓ. ஜே. பெர்மன் என்ற ஹாலிவுட் ஏஜென்ட். சத்தமான ஆள், வேகமான வாய், பார்ட்டியில் சின்ன வேடம். கதாநாயகி ஹோலி ஒரு போலி, ஆனால் உண்மையான போலி என்று அவள் குணத்தை இரண்டே வார்த்தையில் படத்துக்குச் சொல்லிவிடுவது அவர்தான்.

மூன்றாவது, 'எ தௌசண்ட் க்ளவுன்ஸ்', 1965. ஹெர்ப் கார்ட்னரின் நாடகத்திலிருந்து வந்த படம். வேலையை உதறிவிட்டுத் தன் இஷ்டப்படி வாழும் தொலைக்காட்சி எழுத்தாளர் மர்ரியாக ஜேசன் ரோபார்ட்ஸ். அவருடைய அண்ணன் தம்பி உறவும், ஏஜென்ட் பொறுப்பும் ஒருசேரக் கொண்ட ஆர்னால்ட் பர்ன்ஸ் என்பவராக பால்சம். தினமும் பழங்களோடு வீட்டுக்கு வருவார். படம் முழுக்க நம் மனம் மர்ரியின் பக்கம். கோட்டு சூட்டுப் போட்டு ஆபீஸ் போகிற ஆர்னால்டைப் பார்த்து நாமும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். அப்புறம் ஒரு நீண்ட பேச்சு வரும். நான் அசாதாரணமான ஆளில்லை, உலகத்தோடு ஒத்துப்போகத் தெரிந்தவன், ஆர்னால்ட் பர்ன்ஸாக எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக இருக்கிறேன் என்கிற பொருளில் பேசுவார். குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்கும் பேச்சாக இதை மாற்றியிருக்கலாம். அவர் செய்யவில்லை. தன்னைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறவனின் கூச்சம் அதில் இருக்கும். மாதச் சம்பளத்துக்குப் போய் வந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்களை சினிமா இவ்வளவு மதித்துப் பேசவிட்ட இடங்கள் அதிகமில்லை.

1966-ல் நடந்த விழாவில் இதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர். டாம் கோர்ட்னி, ஃப்ராங்க் ஃபின்லே, மைக்கேல் டன், இயன் பானன் ஆகியோர் போட்டியில் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, ராபர்ட் ஆண்டர்சனின் நான்கு சிறு நாடகங்கள் கொண்ட பிராட்வே நிகழ்ச்சிக்காகச் சிறந்த நடிகருக்கான டோனி விருது. அதை நம்மால் பார்க்க முடியாதே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

படி 6: எதிரே பெர்கின்ஸ்

இப்போது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'எதிரே யார்' என்ற வரிசையைப் படியுங்கள். 'சைக்கோ'வில் ஆண்டனி பெர்கின்ஸ். 1970-ல் மைக் நிக்கல்ஸ் இயக்கிய 'கேட்ச்-22' படத்தில் பால்சம் கர்னல் கேத்கார்ட். அவர் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே பேச, எதிரே கூனிக்குறுகி நிற்கும் ராணுவப் பாதிரியார் பெர்கின்ஸ். 1974-ல் லூமெட்டின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. பால்சம் ரயில் நிறுவன இயக்குநர் பியாங்கி. விசாரணையில் துப்பறிவாளர் பொய்ரோவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விசாரிக்கப்படுபவர்களில் ஒருவர் பெர்கின்ஸ்.

பதினான்கு வருடத்தில் மூன்று முறை, ஒருவர் விசாரிக்கிற அல்லது மிரட்டுகிற இடத்தில், மற்றவர் நெளிகிற இடத்தில். மூன்றையும் ஒரே இரவில் பார்த்தேன். அதே இரண்டு முகங்கள், ஆனால் நடுவில் ஓடும் மின்சாரம் ஒவ்வொன்றிலும் வேறு. முதலாவதில் பதற்றம், இரண்டாவதில் கொடூரமான நகைச்சுவை, மூன்றாவதில் விளையாட்டு. பியாங்கி ஒவ்வொருவரை விசாரித்த பிறகும் 'இவர்தான் கொலையாளி' என்று அடித்துச் சொல்வார். அர்பொகாஸ்ட்டுக்கு நேர் எதிரான துப்பறிவாளர்.

படி 7: பக்கத்தில் ரோபார்ட்ஸ்

இதேபோல ஜேசன் ரோபார்ட்ஸையும் தொடரலாம். 'எ தௌசண்ட் க்ளவுன்ஸ்' முடிந்ததும் 'டோரா! டோரா! டோரா!' (1970). பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது பொறுப்பில் இருந்த கடற்படைத் தளபதி கிம்மலாக பால்சம், தரைப்படைத் தளபதி ஷார்ட்டாக ரோபார்ட்ஸ். ஜன்னல் வழியே வேகமிழந்த ஒரு தோட்டா வந்து கிம்மலின் வெள்ளைச் சீருடையில் மோதி விழும். உண்மையிலேயே நடந்த சம்பவம். இது என்னைக் கொன்றிருந்தால் கருணையாக இருந்திருக்கும் என்பார். அந்த வரியைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அப்புறம் 1976, 'ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்'. வாஷிங்டன் போஸ்ட் அலுவலகத்தில் நிர்வாக ஆசிரியர் ஹோவர்ட் சைமன்ஸாக பால்சம். அவருக்கும் மேலே இருந்த ஆசிரியர் பென் பிராட்லீயாக ரோபார்ட்ஸ். இந்த முறை துணை நடிகருக்கான ஆஸ்கர் ரோபார்ட்ஸுக்கு. கூடவே, 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்' படத்தில் பேஸ்பால் டிக்கெட்டோடு அவசரப்பட்ட ஏழாம் ஜூரி ஜாக் வார்டனும் அதே அலுவலகத்தில் இருப்பார். 1957-ல் அந்த வியர்வை அறையில் பார்த்த இருவரை, தலை நரைத்து, டை தளர்ந்து, இங்கே மறுபடி ஒரே மேசையில் பார்ப்பது எனக்குப் பழைய சிநேகிதர்களைச் சந்தித்த மாதிரி இருந்தது.

படி 8: குரலைக் கேளுங்கள்

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் ஹால் கணினிக்கு முதலில் குரல் கொடுத்துப் பதிவு செய்தவர் பால்சம். படத்தின் இயக்குநர் குப்ரிக் பிறகு அதை நீக்கிவிட்டு, கனடா நடிகர் டக்ளஸ் ரெய்னைப் பேசவைத்தார். பால்சமின் பேச்சில் சாதாரண அமெரிக்கர்களின் பேச்சுவழக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அது குறையாகப் படவில்லை. இயந்திரமாக மாற முடியாத குரல் அது.

அதே குரலுக்காக 1974-ன் 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ' பாருங்கள். சுரங்க ரயிலைக் கடத்தும் நான்கு பேரில் 'மிஸ்டர் கிரீன்' அவர். முன்னாள் ரயில் ஓட்டுநர், அன்றைக்கென்று பார்த்துச் சளி பிடித்தவர். அவர் தும்முவதையெல்லாம் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை.

படி 9: விட்டுப்போனவை

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'லிட்டில் பிக் மேன்' (1970): ஊர் ஊராகப் போலி மருந்து விற்பவர், ஒவ்வொரு முறை வரும்போதும் உடம்பில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும், உற்சாகம் மட்டும் குறையாது. 'செவன் டேஸ் இன் மே' (1964): ஜனாதிபதியின் உதவியாளர், சின்ன வேடம், கச்சிதம். 'ஹோம்ப்ரே' (1967) படத்தில் மெக்சிகோக்காரராக நடித்திருக்கிறார். அன்றைய ஹாலிவுட்டில் அது சகஜம். இன்று பார்க்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.

முழுக்க அவரே நாயகனாக வரும் ஒன்று வேண்டுமென்றால், 1963-ல் வந்த 'ட்வைலைட் ஸோன்' அத்தியாயம் 'தி நியூ எக்சிபிட்'. கொலைகாரர்களின் மெழுகு பொம்மைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் மனிதர்.

எழுபதுகளில் இத்தாலிக்கு அடிக்கடி போனார். தாமியானோ தாமியானியின் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ போலீஸ் கேப்டன்' (1971) அதில் முதலிடம். மாஃபியாவையும் அதற்குத் துணைபோகும் அதிகாரத்தையும் கண்டு வெறுத்துப்போன போலீஸ் அதிகாரியாக அவர், எதிரே இளம் அரசு வழக்கறிஞராக ஃப்ராங்கோ நீரோ. அமெரிக்காவில் கிடைக்காத நீளமும் கோபமும் உள்ள வேடம். டப்பிங் ஒட்டாமல் இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். 1979-லிருந்து இரண்டு சீசன் 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' தொடரில் மர்ரி க்ளைன். அதில் சில அத்தியாயம் பார்த்தால் போதும்.

படி 10: இரண்டு 'கேப் ஃபியர்'

கடைசிக்கு இது. 1962-ன் படத்தில் கிரிகரி பெக் உதவிக்கு ஓடும் போலீஸ் தலைவர் பால்சம். சட்டத்துக்குள் நின்றுகொண்டு நண்பனைக் காப்பாற்ற முடியாமல் தவிப்பவர். 1991-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி அதை மறுபடி எடுத்தபோது பெக், ராபர்ட் மிச்சம், பால்சம் மூவரையும் சிறு வேடங்களில் அழைத்தார். பால்சம் நீதிபதி. முதல் படத்தில் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற அதே முகம், முப்பது வருடம் கழித்து நீதிபதி நாற்காலியில்.

சரி, இத்தனைக்கும் நேரமில்லை, ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்கிறீர்களா? 'தி சிக்ஸ்டீன் மில்லிமீட்டர் ஷ்ரைன்' அரை மணி நேரத்துக்கும் குறைவு, அதில் தொடங்குங்கள். பிறகு 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்' முழுதாக. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால், 'சைக்கோ'வை அந்த ஹார்டுவேர் கடையிலிருந்து ஓடவிட்டு, வீட்டுக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.